அனுப்பாத கடிதம்

வணக்கம். பெரிய மனிதர் ஒருவர் இறந்ததும் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கிற ஆளுக்குத்தான் வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் என்று பெயர். கொஞ்சம் மரியாதைக் குறைவான வேலைதான். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இவருக்குச் செல்லாது.

ஆபிரகாம் லிங்கனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1863 ஜூலை தொடக்கத்தில் கெட்டிஸ்பர்க் சண்டையில் லிங்கனின் தளபதி மீட் ஜெயித்துவிட்டார். பின்வாங்கிய எதிர்த்தரப்புத் தளபதி லீயின் படை, போட்டோமாக் ஆறு பெருக்கெடுத்து ஓடியதால் கரையிலேயே அகப்பட்டுக் கிடந்தது. மீட் பாயவில்லை. லீ ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார். 14ஆம் தேதி லிங்கன் மீடுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதி, உறையில் போட்டு, உறைமேல் தன் கையாலேயே குறித்து வைத்தார்: மீடுக்கு, அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை.

கோபத்தை எழுதித் தீர்த்துவிட்டு மடித்து வைத்த மகான்! மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் கடிதத்தின் முதல் வரியை நிதானமாகப் படித்தேன். அதற்குள்ளாகவே ஜனாதிபதியின் அதிருப்தி, தலைமைத் தளபதி ஹாலெக்கின் தந்தி வழியாக மீடுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மனம் நொந்த மீட், பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லிவிட்டார். லிங்கன் உட்கார்ந்தது அவரைச் சமாதானப்படுத்தத்தான். உங்களுக்கு மிகவும் நன்றி, நோகடித்ததற்கு வருந்துகிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறார். போகப்போகக் கை அடங்கவில்லை. பொன்னான வாய்ப்பு போய்விட்டது, எனக்கு அளவில்லாத வேதனை என்று முடியும் இடத்துக்கு வந்துவிடுகிறார். இதை அனுப்பினால் மீட் நிச்சயம் போய்விடுவார். ஜெயித்த தளபதியை இழக்க முடியுமா? அனுப்பாமல் விட்டது இரக்கமா, கணக்கா? இரண்டும்தான் என்பது என் கட்சி.

லிங்கன் கடுமையாக எழுதவே மாட்டார் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே ஆண்டு ஜனவரி 26இல் தளபதி ஹூக்கருக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தது. நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி தேவை என்று ஹூக்கர் பேசியது காதுக்கு வந்திருந்தது. வெற்றி பெறும் தளபதிகள்தான் சர்வாதிகாரி ஆக முடியும். நீங்கள் வெற்றியைக் கொண்டு வாருங்கள், சர்வாதிகாரம் வந்தால் வரட்டும் என்கிறார். ஒருவருக்கு அடக்கி வைத்ததை இன்னொருவருக்கு அனுப்பியிருக்கிறார். ஒரே கடிதத்தை வைத்துக் குணம் சொல்வது, ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது போலத்தான். சோற்றுக்குச் சரி, மனிதருக்குச் சரிவராது.

காகிதத்தைக் காப்பாற்றி வைத்தது யார் என்பதையும் கேட்க வேண்டும். லிங்கனின் காகிதங்கள் மகன் ராபர்ட்டின் கையில் இருந்தன. அவற்றைப் பார்க்க அனுமதி பெற்ற நிக்கோலே, ஹே இருவரும் லிங்கனின் முன்னாள் செயலர்கள். அவர்கள் எழுதிய பத்துத் தொகுதி வரலாற்றை ராபர்ட் கையெழுத்துப்படியிலேயே பார்த்துத் திருத்தினார். மகன் பார்த்துக் கொடுத்த அப்பா எப்படி இருப்பார் என்று நம் வீடுகளுக்குத் தெரியாதா! பிறகு காகிதங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தவர், தான் இறந்து 21 ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் இறந்தது 1926 ஜூலை 26.

1947 ஜூலை 26, நள்ளிரவு. அறிஞர்கள் கூடி நின்றார்கள். லிங்கன் கொலைச் சதியின் ரகசியம் வரும் என்று சிலருக்கு எதிர்பார்ப்பு. திறந்தார்கள். பெரும்பாலானவை லிங்கன் எழுதியவையே அல்ல. வேலை கேட்டும், சிபாரிசு கேட்டும், யோசனை சொல்லியும் ஊரார் அவருக்கு எழுதியவை.