ஆடத் தெரிந்தவள் இருக்கிறாள், கூடம் எங்கே?

(மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோவில் மண்டபத்தில், விளையாட்டுப் பரிசளிப்பு இரவில் நான் ஆற்றிய உரை. பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன். மைக் இரண்டு தடவை நின்றுபோனது. அந்த இடங்களை மட்டும் நினைவிலிருந்து நிரப்பினேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

வேறொரு திறப்பு விழாவைப் பாதியில் விட்டுவிட்டு, சாப்பிடாமல்கூட இங்கே வந்து அமர்ந்திருக்கும் மதிப்புமிகு டத்தோ அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த கோவில் தலைவர் அவர்களே, பரிசுக் கிண்ணங்களைத் தன் காரிலேயே ஏற்றி வந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, இந்தத் தோட்டத்து அலுவலகத்தில் நாற்பது வருடம் வேலையாட்கள் பேரையும் கணக்கையும் எழுதி இன்றைக்கும் எங்கள் எல்லாருடைய பிறந்த தேதியையும் மனப்பாடமாகச் சொல்லும் பழைய கிராணி ஐயா அவர்களே, அம்மாமார்களே, அண்ணன் தம்பிகளே, முன் வரிசையில் தரையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவேண்டும். போன வருடம் சமையல் பொறுப்பாளரை விட்டுவிட்டேன். சோறு எனக்குக் கடைசியில்தான் வந்தது. ஆகவே இந்த வருடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அண்ணே, வணக்கம்.

தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, கொசோவோ என்ற குட்டி நாட்டின் ஜூடோ வீராங்கனைகள். இரண்டு, அவர்களை உருவாக்கிய பயிற்றுநர். மூன்று, அந்த நாட்டு ஆண் வீரர்கள், நேரம் இருந்தால்.

நம் பெரியவர்கள் சொல்வார்கள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முப்பது வருடம் ஆசிரியராக இருந்து பிள்ளைகளிடம் நான் அதிகம் சொன்ன பழமொழி இதுதான். என் பழைய மாணவர்கள் பின்னால் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். இன்றைக்கு அந்தப் பழமொழியைத் திருப்பிப் போடப்போகிறேன்.

கொசோவோ எங்கே இருக்கிறது? ஐரோப்பாவில், பால்கன் பக்கம். எவ்வளவு பெரிசு? நம் பேரா மாநிலத்தில் பாதிதான் இருக்கும். மக்கள் தொகை இருபது லட்சத்துக்கும் கீழே. அதிலும் பேராதான் முந்தி நிற்கிறது. 2008-ல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அதே வருடம் அதை அங்கீகரித்த நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று. ஆனால் ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 2014 டிசம்பரில்தான். அதுவரை அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒலிம்பிக்கில் சொந்தக் கொடி கிடையாது.

அந்த நாட்டில் ஒரு ஊர். பெயர் பேயா. சிரிக்காதீர்கள், பேய் இல்லை, பேயா. மலையடிவார ஊர். 1999 போரில் மோசமாக எரிந்துபோன ஊர். அங்கே பிறந்தவர்தான் மைலிந்தா கெல்மெண்டி. மயில் என்று பேர் தொடங்குகிறது பாருங்கள், நம் வீட்டுப் பெண் மாதிரி. எட்டு வயதில், அக்கா போகிறாளே என்று பின்னாலேயே ஜூடோ கற்கப் போன பிள்ளை. 2012 லண்டன் ஒலிம்பிக் வந்தது. தகுதி இருந்தது, நாட்டுக்கு அனுமதி இல்லை. பக்கத்து நாடான அல்பேனியாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார். பதக்கம் இல்லாமல் திரும்பினார். 2013-ல் ரியோ டி ஜெனிரோவில் உலக வெற்றியாளர். 2014-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் மறுபடியும் உலக வெற்றியாளர். ரஷ்யா கொசோவோவை ஒத்துக்கொள்ளாத நாடு. அங்கே அவர் அனைத்துலக ஜூடோ சம்மேளனத்தின் கொடியில் ஆடவேண்டியிருந்தது. உலகத்தையே ஜெயித்தவளுக்குத் தூக்கிப் பிடிக்க ஒரு துணி இல்லை.

பிறகு 2016, அதே ரியோ. கொசோவோ தன் பெயரில் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக். திறப்பு விழாவில் கொடி பிடித்தவர் கெல்மெண்டி. இரண்டு நாள் கழித்து 52 கிலோ பிரிவு இறுதியாட்டத்தில் இத்தாலியின் ஒடெட் ஜுஃப்ரிடாவை வென்று, அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக வாங்கினார்.

கை தட்டலாம். தட்டுங்கள், டத்தோவும் தட்டுகிறார்.

அதோடு நின்றதா? தோக்கியோ ஒலிம்பிக்கில், அது நடந்தது 2021-ல், கெல்மெண்டி முதல் சுற்றிலேயே தோற்றார். சரி, ஒருத்தி வந்தாள், முடிந்தது என்று உலகம் நினைத்திருக்கும். அதற்கு முந்தின நாளே 48 கிலோவில் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி தங்கம் வாங்கியிருந்தார். யாரை வென்று? ஜப்பானின் ஃபுனா தொனாக்கியை. எங்கே? ஜப்பானியர்களின் சொந்த வீடான நிப்பொன் புடோக்கானில்! 1964-ல் ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது கட்டிய அரங்கம் அது. அந்த 1964 தோக்கியோவில்தான், மலேசியாவுக்காக ஒலிம்பிக்கில் ஓடிய முதல் பெண்ணான நம் ராஜமணி ஓடினார். அதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளவேண்டும், தேர்வில் வராது, இருந்தாலும் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டு நாள் கழித்து 57 கிலோவில் நோரா ஜகோவா இன்னொரு தங்கம். 2024 பாரிசில் கிராஸ்னிச்சி எடை கூடி 52 கிலோவுக்கு ஏறி வெள்ளி. 63 கிலோவில் லாரா ஃபஸ்லியு வெண்கலம். ஆக மூன்று ஒலிம்பிக், ஐந்து பதக்கம். ஐந்தும் ஜூடோ. ஐந்தும் பெண்கள். ஐந்துக்கும் பயிற்றுநர் ஒரே ஆள்.

அவர் டிரிட்டோன் குக்கா. பேயாக்காரர். இளைஞராக இருந்தபோது, கொசோவோவும் அடங்கியிருந்த யுகோஸ்லாவியாவின் முன்னணி ஜூடோ வீரர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் அவருடைய கனவு. நாடு உடைந்தது, கனவும் போயிற்று. ஒரு விஷயம் கவனித்தீர்களா? பெண்கள் ஜூடோவுக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பதக்கம் கொடுத்ததும் அந்த 1992 பார்சிலோனாவில்தான். அவருக்குச் சாத்திய கதவு அதே வருடம் பெண்களுக்குத் திறந்திருக்கிறது, அவருக்கே அப்போது தெரிந்திருக்காது. போர் முடிந்ததும் மனிதர் சொந்த ஊரில் ஒரு கூடம் வைத்து, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெயர் 'இப்போன்'. ஜூடோவில் எதிராளியை முதுகு தரையில் படும்படி வேகமாக, சுத்தமாக வீசினால் அது இப்போன். ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. எரிந்த ஊரில் முதலில் வேண்டியது ஜூடோவா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்க மாட்டார்களா? கேட்டிருப்பார்கள். எங்களையும் கேட்கிறார்கள்.

இந்த இப்போன் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டும். நான் கண்ணால் பார்த்த முதல் இப்போன் புடோக்கானில் இல்லை, அம்மாமார் வேலைக்குப் போனதும் கைப்பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட இந்தத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில்.

எனக்குப் பதின்மூன்று வயது. பட்டாளத்தில் இருந்த ஒரு அண்ணன் லீவில் வந்திருந்தார். பெயர் சொல்லமாட்டேன், அவர் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஆறடி உயரம், கதவு மாதிரி முதுகு. "டேய், உங்களுக்கு ஜூடோ சொல்லித் தருகிறேன், முதலில் விழக் கற்றுக்கொள்ளவேண்டும்" என்றார். விழவா? தினமும்தானே விழுகிறோம் என்றோம். "அது இல்லைடா, அடிபடாமல் விழவேண்டும், அதற்கு மெத்தை வேண்டும்" என்றார். மெத்தைக்கு எங்கே போவது? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாருடைய வீட்டிலும் பஞ்சு மெத்தை உண்டு. காலையில் பெரியவர்கள் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனதும், பதினோரு வீட்டு மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகையில் விரித்துவிட்டோம். ஆயாவுக்குக் கையூட்டு ஒரு கட்டு வெற்றிலை. தொட்டில் பிள்ளைகள் ஓரமாகப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. நாங்கள் விழுகிறோம், எழுகிறோம், கையால் மெத்தையை ஓங்கி அடிக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் பஞ்சு பறக்கிறது. கொட்டகை முழுக்க மார்கழிப் பனி மாதிரி.

அன்றைக்குப் பார்த்து மழை. மழை என்றால் வெட்டு இல்லை. எல்லாரும் பத்து மணிக்கே திரும்பிவிட்டார்கள். முதலில் வந்தது எங்கள் அப்பாயி. நாலரை அடி. ஆனால் முப்பது வருடம் பால்வாளி தூக்கிய தோள், உளி பிடித்த கை. வாசலில் நின்று, "எங்கடா என் மெத்தை?" பட்டாளத்து அண்ணன் முன்னால் வந்து, "பாட்டி, இது தற்காப்புக் கலை" என்றார். "யாருடா உன்னைத் தாக்க வந்தான், என் மெத்தையை எடுத்துத் தற்காத்துக்கொள்ள?" என்று சொல்லி அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. அவர் மரியாதைக்குப் பின்னால் நகர்ந்தார். அப்பாயி விடவில்லை, ஒரு காலை முன்னே வைத்தது. அவர் கால் அதில் தட்டியது. ஆறடி ஆள், அப்படியே மல்லாக்க, தடால்! கையால் மெத்தையை அடிக்கக்கூட மறந்துவிட்டார். அப்பாயி குனிந்து பார்த்து, "ஐயோ, பிள்ளைக்கு அடிபட்டுதா?" என்று கேட்டது. பிறகு அவரை உருட்டித் தள்ளிவிட்டு அடியில் இருந்த மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. எதிராளியின் விசையை அவனுக்கு எதிராகவே திருப்புவதுதான் ஜூடோ. அப்பாயிக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

மணி அடிக்கிறார்கள். தெரிகிறது, முடிக்கிறேன். இன்னும் ஐந்து நிமிடம், டத்தோ அனுமதிக்கவேண்டும்.

அந்த ஆயாக்கொட்டகை இன்னும் இருக்கிறது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, நல்ல மரச்சட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபிறகு உர மூட்டை அடுக்கினார்கள். இப்போது வௌவால் இருக்கிறது. இடித்துவிடப்போவதாகப் பேச்சு. பள்ளியில் வாரம் இரண்டு நாள் பெண்பிள்ளைகள் பதினேழு பேர் ஜூடோ பழகுகிறார்கள். எங்கே? திடல் புல்லில். மழை பெய்தால் சிற்றுண்டிச்சாலையில், மேசையை ஓரம் கட்டி, சிமெண்டில். சிமெண்டில் எப்படி விழுவது? இன்றைக்குப் பரிசு வாங்கப்போகிற நான்காம் ஆண்டுப் பிள்ளை போன மாதம் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இங்கே ஆடத் தெரிந்தவள் இருக்கிறாள், கூடம் எங்கே? கோணலாக இருந்தாலும் சரி, காட்டுங்கள்!

பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ 1882-ல் தோக்கியோவில் எங்கே தொடங்கினார் தெரியுமா? ஒரு கோவிலில். எய்ஷோஜி என்ற புத்தர் கோவில். பன்னிரண்டு பாய், ஒன்பது மாணவர்கள். உலகம் முழுக்கப் பரவிய கலைக்கு அவ்வளவுதான் இடம் இருந்தது. கோவில் தலைவர் என்னைப் பார்க்கிறார். ஐயா, உங்கள் மண்டபத்தைக் கேட்கவில்லை, பயப்படவேண்டாம்.

நமக்கு வேண்டியது கணக்காகச் சொல்கிறேன். பழகுவதற்கு எட்டுக்கு எட்டு மீட்டர் இருந்தால் போதும். ஒரு ஜூடோ மெத்தை இரண்டுக்கு ஒன்று. எட்டெட்டு அறுபத்து நாலு, பாதி முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு மெத்தை. அதுவும் முடியாவிட்டால் கானோவைப்போலப் பன்னிரண்டில் தொடங்குவோம்.

பணத்துக்கு என்ன செய்வது? இந்த ஊரில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், நம் நாட்டு அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, நம் ஆட்கள் லயத்தை விட்டுப் போகவேண்டி வந்த காலத்தில், 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்தார். வெட்டுக்காரர்கள் கொடுத்த பத்து வெள்ளி சேர்ந்து கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கியது. தோட்டம் வாங்கிய பத்து வெள்ளி மெத்தை வாங்காதா? ஒரு குடும்பத்துக்குப் பத்து வெள்ளி. நோட்டுப் புத்தகம் கிராணி ஐயாவிடம் இருக்கிறது. அவரிடம் கணக்குத் தப்பாது, உங்களுக்கே தெரியும்.

டத்தோ அவர்களே, உங்களிடம் வெள்ளி கேட்கவில்லை. ஒரு கடிதம் கேட்கிறோம். கொட்டகையை இடிக்காமல், ஐந்து வருடத்துக்குப் பள்ளிக்கு வாடகைக்கு விடச் சொல்லி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். நாங்கள் எழுதினால் பதில் வருவதில்லை. கடிதம் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருக்கிறேன், கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது.

கெல்மெண்டி 2021-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, குக்காவின் பக்கத்திலேயே பயிற்றுநராக நிற்கிறார். கற்ற இடத்திலேயே கற்றுக்கொடுக்கிறார். நம் பதினேழு பிள்ளைகளில் ஒருத்தி நாளைக்கு இந்தத் தோட்டத்துக்குப் பயிற்றுநராகத் திரும்பி வந்தால், அவள் எங்கே நின்று கற்றுக்கொடுப்பாள்? சிற்றுண்டிச்சாலையிலா? ஆடத் தெரிந்தவள்... சரி, தலைவர் எழுந்து நிற்கிறார். ஆண் வீரர்களைப் பற்றி அடுத்த வருடம். நோராவின் தம்பி அகில் ஜகோவாவும் ஒலிம்பிக் வரை போன ஜூடோக்காரர் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், பையன்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆயாக்கொட்டகையில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் வேலை. சுத்தம் செய்ய மட்டும் நிர்வாகம் வாய்வார்த்தையில் சம்மதித்திருக்கிறது. சாவி காவல்காரத் தம்பியிடம் இருக்கிறது. துடைப்பம், மண்வெட்டி, கையுறை கொண்டுவாருங்கள். பசியாற இட்லி உண்டு. மேற்கு மூலையில் குளவிக்கூடு இருக்கிறது, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவேண்டாம். வீட்டில் பழைய பஞ்சு மெத்தை இருந்தால், இந்தத் தடவை நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள்.