எந்த மோதலுக்கு எந்தச் சட்டம்?

[திரையில்: கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடம் என்று எழுத்தில் குறிப்பு.]

வணக்கம். 1783 ஜூன் மாதத்தில், கடலூரைத் தம் வசம் வைத்திருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டது. ஜூன் 20 அன்று இந்தக் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பீரங்கியால் மோதிக்கொண்டன. 25 அன்று பிரெஞ்சு வீரர்கள் வெளியே வந்து முற்றுகையாளர்களைத் தாக்கினர். ஆனால் இரு நாடுகளும் பூர்வாங்க சமாதானத்தில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கையெழுத்திட்டிருந்தன. அந்தச் செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் மாதக் கடைசியில்தான். காகிதத்தில் சமாதானம் நிலவிய மாதங்களில் களத்தில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

போரிலும் மனிதர்களைக் காக்க வகுக்கப்பட்ட இன்றைய சர்வதேச மனிதாபிமானச் சட்டம் இத்தகைய நிலையில் களத்தையே பார்க்கிறது. 1949 ஆகஸ்ட் 12 அன்று உருவான நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 2ஆம் பிரிவு, இரு நாடுகளுக்கு இடையே ஆயுத மோதல் மூண்டுவிட்டால், அவற்றில் ஒன்று போர் நிலையை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் உடன்படிக்கைகள் பொருந்தும் என்கிறது. ஒரு நாட்டின் நிலத்தை இன்னொரு நாடு ஆக்கிரமித்தால், எதிர்த்து ஒரு குண்டும் சுடப்படாவிட்டாலும் அதே விதிதான். இதுவே சர்வதேச ஆயுத மோதல் என்னும் முதல் வகை.

[திரையில்: 2019 பிப்ரவரி 27 எனும் தேதி.]

தமிழ்நாட்டைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி அபிநந்தன் வர்த்தமான், அன்று தம் விமானம் வீழ்த்தப்பட்டுப் பாகிஸ்தான் படையிடம் பிடிபட்டார். இந்தியாவும் போர் அறிவிக்கவில்லை, பாகிஸ்தானும் அறிவிக்கவில்லை. ஆயினும் இரு அரசுகளின் படைகள் மோதிய அந்தக் கணமே போர்க்கைதிகளுக்கான மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை உயிர்பெற்றுவிட்டது. அவரிடம் கேள்வி கேட்கும் காணொலியை நம்மில் பலர் பார்த்திருப்போம். பணி எண்ணைச் சொன்ன அவர், மேற்கொண்டு துருவியபோது, அதைச் சொல்லக் கடமையில்லை என்று பணிவாக மறுத்தார். போர்க்கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, பணி எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும் என்பது அந்த உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு. கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைக்கு உள்ளாக்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. காயம்பட்ட அதிகாரியைக் காட்சிப்பொருளாக்கியதை இந்தியா கண்டித்ததும் இந்த அடிப்படையில்தான். மார்ச் 1 அன்று அவர் வாகா வழியாகத் திரும்பினார்.

இதே மனிதர் ஓர் ஆயுதக் குழுவின் உறுப்பினராக, தன் அரசோடு போரிட்டுப் பிடிபட்டிருந்தால் நிலை வேறு. அங்கே போர்க்கைதி என்ற தகுதியே கிடையாது. ஆயுதம் ஏந்தியதற்காகவே உள்நாட்டுச் சட்டப்படி அவர் மீது வழக்குத் தொடரலாம். இந்த இரண்டாம் வகை, சர்வதேசமல்லாத ஆயுத மோதல். இதற்காக உடன்படிக்கைகளில் உள்ளது பொதுவான 3ஆம் பிரிவு ஒன்றே. கொலை, சித்திரவதை, பணயமாகப் பிடித்தல், மானத்தைக் குலைத்தல், முறையான நீதிமன்றம் இன்றித் தண்டித்தல் ஆகியவற்றை அது யாவருக்கும் தடை செய்கிறது. காயம்பட்டோரைப் பேணச் சொல்கிறது. அளவில் சிறிய பிரிவு. ஆனால் உலகில் இப்போது நடக்கும் ஆயுத மோதல்கள் 120க்கு மேல் என்று சர்வதேச செஞ்சிலுவைக் குழு கணக்கிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இங்கே கடினமான கேள்வி, கலவரம் எங்கே முடிந்து ஆயுத மோதல் எங்கே தொடங்குகிறது என்பது. முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம், 1995இல் டாடிச் என்பவர் மீதான வழக்கில் இரண்டு அளவுகோல்களை வகுத்துத் தந்தது: வன்முறையின் தீவிரம், ஆயுதக் குழுவின் கட்டமைப்பு. காவல்துறை போதாமல் இராணுவம் இறங்கியதா, கனரக ஆயுதங்கள் பயன்பட்டனவா, மக்கள் ஊரைவிட்டு ஓடினார்களா, குழுவுக்குத் தலைமையும் ஒழுங்கு விதிகளும் உண்டா என்றெல்லாம் நீதிபதிகள் பார்க்கிறார்கள். சூடானில் 2023 ஏப்ரல் 15 முதல் இராணுவமும் அதிரடி ஆதரவுப் படை என்னும் துணை இராணுவமும் மோதுவதை இந்த அளவுகோலில் வைத்தால் ஐயத்துக்கே இடமில்லை.

அரசுகள் இந்த வகைப்பாட்டை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், ஏற்றால் எதிர்க்குழுவுக்கு அங்கீகாரம் கிடைத்துவிடும் என்னும் அச்சம். அதற்கும் 3ஆம் பிரிவின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது: இதைப் பின்பற்றுவதால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறாது.

[திரையில்: பாக் நீரிணையின் வரைபடம்.]

நமக்கு மிக அருகில் நடந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லியாக வேண்டும். அது இலங்கைப் போர்; அதில் வீடிழந்து வந்தவர்கள் கடலூர் மாவட்டத்து முகாம்களிலும் வாழ்கிறார்கள். 1987இல் இலங்கை அரசின் ஒப்புதலோடு சென்ற இந்திய அமைதி காக்கும் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. வெளிநாட்டு இராணுவம் களத்தில் நின்றதால் அது சர்வதேச மோதல் ஆகிவிடுமா? ஆகாது. ஓர் அரசின் அழைப்பின் பேரில் இன்னொரு அரசு வந்து ஆயுதக் குழுவோடு போரிட்டால், அரசும் அரசும் மோதவில்லை. எனவே அது இரண்டாம் வகையிலேயே நிற்கிறது. ஆனால் 1989 ஜூன் மாதம் அதிபர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். ஒப்புதல் விலகிய பின்னும் ஒரு படை தங்கினால் அதற்குப் பொருந்தும் சட்டம் எது? செப்டம்பரில் இரு அரசுகளும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டதால் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போகவில்லை. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை விரிவாக ஆராய வேண்டும் என்பது என் விருப்பம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அண்டை நாட்டின் ஆயுதக் குழுவை ஓர் அரசு பின்னின்று இயக்கினால், உள்நாட்டு மோதல் சர்வதேச மோதலாக மாறலாம். காங்கோவின் கிழக்கில், 2025 ஜனவரி இறுதியில் கோமா நகரைப் பிடித்த எம்23 என்னும் கிளர்ச்சிக் குழுவுக்கு அண்டை நாடான ருவாண்டா எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்ற விவாதத்தின் சட்ட முக்கியத்துவம் இதுதான். பணமும் ஆயுதமும் கொடுத்தால் மட்டும் போதாது. குழுவின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு அந்த அரசிடம் இருக்க வேண்டும் என்று 1999இல் டாடிச் மேல்முறையீட்டுத் தீர்ப்பு கூறியது.

ஒரே நிலத்தில் இரு வகைகளும் சேர்ந்திருப்பதும் உண்டு. காசா குறித்து 2024 நவம்பரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையே சர்வதேச மோதல் சட்டமும், இஸ்ரேலுக்கும் ஹமாஸுக்கும் இடையிலான சண்டைக்குச் சர்வதேசமல்லாத மோதல் சட்டமும் பொருந்தும் என்று கண்டது. ஆகவே ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி அங்கே நடப்பது எந்த வகை என்று கேட்பது போதாது. எந்தத் தரப்பு எந்தத் தரப்போடு மோதுகிறது என்று இணை இணையாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

[திரையில்: நாடாளுமன்றக் கட்டடம்.]

இந்தியா நான்கு உடன்படிக்கைகளையும் ஏற்று, 1960இல் அவற்றுக்கென ஒரு சட்டமும் இயற்றியது. அந்தச் சட்டம் கடும் மீறல்களுக்குத் தண்டனை வகுக்கிறது. கடும் மீறல்கள் என்று உடன்படிக்கைகள் பட்டியலிடும் குற்றங்களோ சர்வதேச மோதலுக்கு உரியவை. 3ஆம் பிரிவை மீறுவதற்கு அதில் தனித் தண்டனை இல்லை. உள்நாட்டு மோதல்களுக்கான விதிகளை விரிவாக்கிய 1977ஆம் ஆண்டின் இரண்டாம் கூடுதல் நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. மோதல்களில் பெரும்பாலானவை இந்த வகையாகிவிட்ட காலத்தில், இந்த இடைவெளியை நாடாளுமன்றம் அடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.