கல்லுக்குள் இருந்த குஞ்சுகள்

[காட்சி: விடிகாலை, நந்திக்கடல். வீச்சுவலையை உதறும் கைகள்.]

வலையில் துள்ளுகிற இந்த இறால் களப்பில் பிறந்ததில்லை. தாய் முட்டையிடுவது வெளிக்கடலில். மாரியில் முகத்துவாரம் திறக்கும்போது, ஓரளவு வளர்ந்த குஞ்சுகள் உள்ளே வந்துவிடும்.

[காட்சி: நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு துளி கடல்நீர்.]

முட்டையைவிட்டு வந்தவுடன் பார்த்தால், இதை இறால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடுவில் ஒற்றைக் கண். மூன்று சோடி கால்கள், அவ்வளவுதான். இந்தப் பருவத்துக்கு நோப்பிளியஸ் என்று பெயர். கோது கழற்றக் கழற்றத்தான் மற்றக் கால்கள் முளைக்கும்.

சரி, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த, இறாலைப் போலக் கோதுள்ள உயிரினங்களின் குஞ்சுகள் எப்படி வளர்ந்தன? அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே போனவர் டீட்டர் வாலோசெக் என்ற ஜேர்மன் விலங்கியலாளர்.

[காட்சி: கறுத்த சுண்ணாம்புக்கல், கண்ணாடிப் பாத்திரத்தில் குமிழிகள்.]

சுவீடனில் ஒரு கல் இருக்கிறது. உடைத்தால் நாறும். ஓர்ஸ்டென் என்பார்கள். ஜேர்மனியின் பொன் நகரப் பல்கலைக்கழகத்தின் கிளவுஸ் முல்லர் 1970களில் வேறொரு புதைபடிவத்தைத் தேடி அதை அமிலத்தில் கரைத்தார். வினாகிரியில் இருக்கிற அதே அமிலம்தான். கல் கரைந்தது. அடியில் மணல்போல மிஞ்சியதில் அந்தப் பழைய காலத்துக் குட்டி உயிரினங்கள் கிடந்தன! மெல்லிய தோல் பொஸ்பேற்று என்ற கனிமமாக மாறியிருந்ததால் கால் மயிர்கூடக் கலையவில்லை. ஒன்றும் 2 மில்லிமீற்றரைத் தாண்டாது.

1980களில் வாலோசெக் முல்லரோடு சேர்ந்தார். அவர் செய்த வேலைதான் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. செத்த உயிர் வளராது அல்லவா? ஒரே பிள்ளையின் படங்கள் இல்லை. நூறு பிள்ளைகளின் படங்களை வயதுப்படி அடுக்க வேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாகக் காலை எண்ணி, மயிரை எண்ணி அடுக்கினார். அந்தக் கல்லில் கிடைத்த ரெபாக்கியெல்லா என்ற ஒரே உயிரினத்துக்கு மட்டும் சுமார் 30 வளர்ச்சிப் படிகள்! அதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1993இல் வந்தது. உப்பளங்களில் நீந்தும் ஆட்டீமியா என்ற குட்டி இறால்போன்ற உயிரினம் முதலான, இன்று வாழும் இனங்களோடும் அவற்றை ஒப்பிட்டார். ரெபாக்கியெல்லா ஆட்டீமியாவின் உறவுதான் என்பது அவர் முடிவு. பின்னால் வந்தவர்கள் சிலர் அதை ஒப்பவில்லை; ஆனால் அந்த அடுக்கை வைத்துத்தான் அவர்களும் வாதாடுகிறார்கள்.

[காட்சி: இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

இடப்பக்கம், ரெபாக்கியெல்லாவின் முதற் படி. வலப்பக்கம், நம் கடல் இறாலின் குஞ்சு. கால்களை எண்ணிப் பாருங்கள். இங்கே மூன்று சோடி. அங்கேயும் மூன்று சோடி.