தட்டணுவில் மருந்து ஒட்டுவதை அளக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். மூளையின் நரம்பு முனைகளில் செரடோனின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை உள்ளிழுக்கும் கடத்திப் புரதம், இரத்தத் தட்டணுக்களின் சவ்விலும் இருக்கிறது. இமிப்ரமின், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஒட்டுவது அதில்தான். சிகிச்சை பெறாத நோயாளிகளின் தட்டணுக்களில் இமிப்ரமின் ஒட்டும் இடங்கள் குறைவு என்று 1980-இல் ஆய்வுகள் வெளிவந்தன. பின்னால் வந்த முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதற்கு மாதிரியைத் தயாரித்த விதமும் ஒரு காரணம்.

அளவீடு இரண்டு எண்களைத் தருகிறது. ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை பிணைப்பிடங்கள் என்பது ஒன்று. பாதி இடங்கள் நிரம்பத் தேவையான மருந்தின் செறிவு மற்றொன்று. இது குறைந்தால் பிடிப்பு இறுக்கம் என்று பொருள்.

இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் இடிடிஏ அல்லது சிட்ரேட் கலந்த பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, அறை வெப்பத்திலேயே வைக்க வேண்டும். பிரிக்கும் முன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தட்டணுக்கள் உருமாறித் தூண்டப்படும். பிறகு 200 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு) 10 நிமிடம், பிரேக் போடாமல் சுழற்றி, மேலே நிற்கும் பிளாஸ்மாவில் முக்கால் பங்கை மட்டும் உறிஞ்ச வேண்டும். ஆசைப்பட்டு அடிவரை எடுத்தால் வெள்ளணுவும் சிவப்பணுவும் கூடவே வந்துவிடும். சுழற்சி கடுமையானால் பெரிய தட்டணுக்கள் சிவப்பணுக்களோடு அடியில் தங்கிவிடும். மிஞ்சுவது சிறியவை மட்டுமே. எடுத்ததில் எத்தனை தட்டணுக்கள் கிடைத்தன என்று எண்ணிப் பார்க்காமல் இது தெரியாது.

அதன்பின் தட்டணுக்களைப் படியவைத்துக் கழுவி, 5 மில்லிமோலார் டிரிஸ் போன்ற உப்புக் குறைந்த கரைசலில் உடைத்து, ஹோமோஜனைசரில் சில நொடி அரைத்து, 30,000 ஜி-யில் சவ்வைப் படியவைக்கிறார்கள். பெரும்பாலான பிழைகள் இந்தக் கழுவலில்தான் பிறக்கின்றன. பிளாஸ்மாப் புரதம் எஞ்சினால் வகுக்கும் எண் வீங்கிவிடும். சுத்தமான சவ்வில் மில்லிகிராமுக்கு 1000 ஃபெம்டோமோல் (மிக நுண்ணிய அளவைக் குறிக்கும் அலகு) பிணைப்பிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் கால் பங்கு பிளாஸ்மாவுடையதானால் 750 என்றே காட்டும். நோயாளியின் தட்டணுவில் எதுவும் குறையவில்லை, கழுவல்தான் குறைந்தது. அது மட்டுமல்ல, பிளாஸ்மாவில் உள்ள ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம் இமிப்ரமினைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும்.

உடைந்த தட்டணுவின் சேமிப்புத் துகள்களிலிருந்து கொட்டும் செரடோனினும் பிணைப்பைத் தடுக்கும். நோயாளி விழுங்கிய மருந்தும் அப்படியே. விரைவில் விலகும் மருந்து எஞ்சினால் இடங்கள் மாறாமல் பிடிப்பு தளர்ந்ததுபோல் தெரியும். பராக்ஸிடின் போல மெதுவாக விலகுவது எஞ்சினால் இடங்களே குறைந்ததாகத் தெரியும். இரண்டாவதை நோயின் அடையாளமாக நினைத்துவிடுவது மிக எளிது. எனவே குறைந்தது இரண்டு முறையாவது கழுவி, கடைசி மாத்திரை எப்போது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

பிணைப்புக் கரைசலில் சோடியம் இருந்தே ஆக வேண்டும். வழக்கமாக 120 மில்லிமோலார். இமிப்ரமினைப் பனிக்கட்டிக் குளிரில் பிணைக்க வேண்டும். பிறகு சவ்வைப் பிடித்துவைக்கும் வடிகட்டியைக் கழுவுவதும் சில நொடிகளில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியது பிரிந்துவிடும். அறை வெப்பத்திலும் நிலைத்து நிற்கும் பராக்ஸிடின் இதில் பரவாயில்லை. ஆனால் அதன் பிடிப்பு மிக இறுக்கம் என்பதால், குழாயில் சவ்வு அதிகமானால் கரைசலில் இருக்கும் மருந்தே தீர்ந்துபோகும். சேர்த்த மருந்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிணைந்தால் சவ்வைக் குறைக்கவும், அல்லது கரைசலின் கன அளவைக் கூட்டவும்.

புரதத்தை, நிற மாற்றத்தை வைத்து அளக்கும் லவ்ரி முறையில் அளப்பவர்கள் டிரிஸும் இடிடிஏவும் நிறத்தைக் குழப்பும் என்பதை மறக்கக் கூடாது. அளவு தெரிந்த புரதம் கொண்ட ஒப்பீட்டு மாதிரியையும் அதே கரைசலில்தான் கலக்க வேண்டும். உறையவைத்த மாதிரி என்றால், நோயாளி, நலமானவர் இருவருடையதையும் ஒரே நாள், ஒரே கரைசலில் உருக்கி அளக்க வேண்டும். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம்.