சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம். நான் மார்த்தாண்டத்தில் குஷன் வேலை பார்க்கிறவன். ஆணியை வாயில் கவ்விக்கொண்டு தொழில் கற்ற ஆள், அதனால் பேசிப் பழக்கமில்லை. இப்போது ஆணிக்குப் பதில் பின் அடிக்க கன் மெஷின் வந்துவிட்டது, வாய் சும்மாதான் இருக்கிறது, சரி பேசலாம் என்று வந்தேன்.

கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு டீச்சரம்மா போன் செய்தார்கள். பாறசாலையில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்களாம், மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை நாற்காலி ஒன்று, இரண்டும் சேர்த்து 5,000 ரூபாய் சொல்கிறார்களாம். நாற்காலியை நாய் பிராண்டி நார் நாராக்கி வைத்திருக்கிறது, சோபாவில் ஒரு மூலையில்தான் சின்னக் கிழிசல், அதை மட்டும் எடுக்கட்டுமா அண்ணே என்று கேட்டார்கள். போனில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு களியக்காவிளை தாண்டிப் போனேன்.

வீட்டுக்காரர் கைப்பிடியைத் தட்டி, “நல்ல தேக்காணு சேட்டா” என்றார். கைப்பிடி தேக்குதான், பொய்யில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தானே தேக்கு வைப்பார்கள்! சோபாவைக் கவிழ்த்து, அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியில், அவரைக் கேட்டுக்கொண்டுதான், நாலு பின்னைக் கழற்றி டார்ச் அடித்தேன். துணியின் உள்பக்கத்தில் மைதா மாவு மாதிரி வெளுத்த தூள். சட்டத்தில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்குகிறது.

அது ரப்பர் மரம். நம்ம ஊர்த் தோட்டங்களில் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் வெட்டி முடித்ததும் முறிக்கிறார்களே, அதுதான். மோசமான மரம் என்று சொல்ல மாட்டேன், போரான் மருந்தில் ஊறவைத்து உலர்த்தியிருந்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், மருந்து ஏறாத பலகை என்றால் வண்டுக்கு விருந்து. தூள் வெளுப்பாக, தொடத்தொட உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அது உங்கள் கட்டிலையும் விசாரிக்க வரும்.

அப்புறம் மோப்பம். வெட்கப்படாமல் குஷனில் மூக்கை வைத்துப் பாருங்கள். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை; ஒழுகும் வராந்தாவில் ஒரு பருவம் கிடந்த ஃபோம் தண்ணீரைக் குடித்துப் பூசணம் பிடித்திருக்கும், மொட்டைமாடியில் எத்தனை நாள் காயவைத்தாலும் நாற்றம் போகாது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த சில சோபாக்களில், வெளித்துணி துவைத்துப் பளிச்சென்று இருக்கும், உள்ளே சாக்கில் மட்டும் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அப்படியென்றால் ஃபோமுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள். சட்டம் நல்ல மரமாக இருந்தால் அதுவும் நஷ்டமில்லை.

மூட்டைப்பூச்சி விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானமே கிடையாது. தையல் மடிப்பை விரித்துப் பாருங்கள், பேனா மையைத் தொட்டு வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது ரத்தம் கிடைக்காமல் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். வெயிலில் போட்டால் செத்துவிடும் என்பார்கள். ஐம்பது டிகிரிச் சூடு ஃபோமின் நடுவுக்கு எங்கே போகிறது?

நாய் பிராண்டிய நாற்காலியையும் கவிழ்த்தேன். உள்ளே அயினி, மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள், தோணி செய்கிற மரம். மூட்டு ஒன்றுகூட ஆடவில்லை, இருக்கைக்கு அடியில் இழுத்து அடிக்கிற பெல்ட் மட்டும் தொய்ந்திருந்தது. டீச்சரம்மாவுக்கு முகமே சரியில்லை, பளபளப்பானதை விட்டுவிட்டுக் கந்தலை எடுக்கச் சொல்கிறானே என்று. 1,200க்குப் பேசி முடித்தோம். துணி, 40 டென்சிட்டி என்கிற கெட்டியான ஃபோம், பெல்ட், என் கூலி எல்லாம் சேர்த்து இன்னும் 4,500 ஆகும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். இதைக் கேட்காமல் பழைய சாமானுக்கு விலை பேசவே கூடாது, பல பேர் வாங்கி வண்டியில் ஏற்றி என் கடை வாசலில் இறக்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

நாற்காலி இப்போது கடையில் சட்டமாக நிற்கிறது. டீச்சரம்மா நீலத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்கத்தான் மறந்துவிட்டேன்.