காசு வாங்கும் கைகள்

வணக்கம், நண்பர்களே. லண்டனில் இருந்து பேசுகிறேன், எரிச்சலோடு பேசுகிறேன். நேற்று நாடகம் பார்க்கப் போனேன். எந்த அரங்கு என்று சொல்லப் போவதில்லை. டிக்கெட்டுக்குக் காசு வாங்கிவிட்டு, வெறும் மரப் பலகையைக் காட்டி, குஷன் வேண்டுமென்றால் தனி வாடகை என்கிறார்கள்! என் கஞ்சத்தனம்தான் உங்களுக்குத் தெரியுமே. தரவே மாட்டேன் என்று கடைசிக் காட்சி வரை பலகையிலேயே உட்கார்ந்தேன். வெற்றி எனக்கு. இடுப்புக்கு அதில் உடன்பாடில்லை.

இந்த வசூல் பழைய வழக்கம்தான். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் அரங்குகளில் நடிப்பைத் தவிர்த்த மற்ற வேலைகளைச் செய்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். 1599இல் லண்டன் வந்து நாடகம் பார்த்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். நின்று பார்க்க ஒரு பென்னி. உட்கார வேண்டுமானால் இன்னொரு கதவு, இன்னொரு பென்னி. குஷன் போட்ட நல்ல இடமா? மறுபடி ஒரு கதவு, மறுபடி ஒரு பென்னி.

கதவுக்குக் கதவு வசூலிக்க ஆள், பெண்கள் உட்பட. காசு போடப் பச்சை மெருகு பூசிய மண் உண்டியல். உடைத்தால்தான் காசு வெளியே வரும். 1989இல் அந்தக் காலத்து லண்டன் அரங்குகளில் ஒன்றான ரோஸைத் தோண்டியபோது அந்த ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. உண்டியல் இருந்தும் திருட்டு நிற்கவில்லை. 1642இல் நாடாளுமன்றம் அரங்குகளை மூடியது. அடுத்த ஆண்டு நடிகர்கள் பெயரில் வந்த நையாண்டித் துண்டுப் பிரசுரம், வாயிற்காப்போரின் பிழைப்பும் போயிற்றே என்று போலியாக அழுகிறது: அரிக்காத தலையைச் சொறிவதுபோல் கையைத் தூக்கி, சில்லறையைச் சட்டைக் கழுத்துக்குள் நழுவவிட இனி வழியில்லையாம்! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

அட, தச்சரை விட்டுவிட்டேனே. ஜேம்ஸ் பர்பேஜ் 1576இல் ஷோர்டிச்சில் கட்டிய அரங்கை, நில உரிமையாளரோடு குத்தகைத் தகராறு முற்றியதும், 1598 டிசம்பர் குளிரில் பிரித்து எடுத்தவர் பீட்டர் ஸ்ட்ரீட். அந்த மரங்கள்தான் தேம்ஸ் தென்கரையில், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கு ஆயின. ஷேக்ஸ்பியரைப் பற்றியே பேசுகிறவர்கள் இவரைச் சொல்வதே இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம்.

மேடைக்குப் பின்னால் பிரதிக்காப்பாளர், அதாவது நாடகப் பிரதியை வைத்திருப்பவர். யார், எப்போது, எந்தப் பொருளோடு உள்ளே போக வேண்டும் என்று எழுதிய பெரிய தாள் அங்கே தொங்கும். அப்படிப்பட்ட தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. 1597ஆம் ஆண்டினது என்று கருதப்படும் ஒன்றில் வசூல்காரர்களே மேடையேறுகிறார்கள். கூட்டம் உள்ளே வந்ததும் கதவு வேலை முடிந்தது அல்லவா? சும்மா நிற்பானேன் என்று காவலர் வேடம் கொடுத்துவிட்டார்கள்! உடை அறைக்காரர்கள் கதை நீளம். அது அடுத்த வீடியோவில்.