குளிர்ந்த மேகத்தின் வெப்பநிலையை அளப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி மாதம், மழை ஓய்ந்த இரவுகளில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் எட்டரை ஒன்பது மணிக்கெல்லாம் ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். வடக்கே திருவாதிரை சிவந்து தெரியும். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே மங்கலாக ஒரு திட்டு இருக்கும். 1,350 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஓரியன் நெபுலா அதுதான். புதிதாகப் பிறந்த பெரும் நட்சத்திரங்களின் கழியூதாக் கதிர் பட்டு, 10,000 கெல்வின் அளவுக்குச் சூடேறி ஒளிரும் வாயு அது. அதன் முதுகுப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத குளிர்ந்த மூலக்கூற்று மேகம் ஒன்று இருக்கிறது. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள நட்சத்திரங்கள் உருவாவது இத்தகைய மேகங்களில்தான்.

இவற்றில் பெரும்பகுதி ஐதரசன் மூலக்கூறு. 10 முதல் 20 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 250 பாகை செல்சியசையும் தாண்டிய குளிரில் அது நமக்கு எட்டும்படி எதையும் கதிர்ப்பதில்லை. அதனால் கூட இருக்கும் மூலக்கூறுகளிடம்தான் விசாரிக்க வேண்டும். 1970இல் ஓரியனில் கண்டறியப்பட்ட காபனோரொக்சைட்டின் 2.6 மில்லிமீற்றர் அலை பெரிய உதவி. ஆனால் தேயிலை மலையில் இறங்கும் பனிமூட்டத்தின் முன்விளிம்பை மட்டும் பார்ப்பதுபோல, அது மேகத்தின் மேற்பரப்பைத்தான் காட்டும். உள்ளே, கன சென்ரிமீற்றருக்கு ஓர் இலட்சம் மூலக்கூறுகள் என அடர்ந்த இடத்தில், காபனோரொக்சைட்டு தூசியின்மேல் உறைந்தே போய்விடுகிறது.

அங்கே நம்பத்தகுந்தது அமோனியா. 23.69, 23.72 கிகாஹேர்ட்ஸ் மீடிறன்களில் அதன் இரு கோடுகள், அதாவது குறித்த மீடிறனில் மட்டும் அது வெளியிடும் கதிர்கள், பக்கம் பக்கமாக வரும். ஒரே வாங்கி ஒரே நேரத்தில் இரண்டையும் பிடிப்பதால் கருவியின் அளவுப் பிழை பெருமளவு கழிந்துவிடும். சூடு கூடினால் இரண்டாவது கோடு ஒப்பளவில் வலுக்கும் என்பதால், இரண்டின் செறிவு விகிதமே வெப்பநிலையைச் சொல்லும். 30 கெல்வினைத் தாண்டினால் இந்தச் சோடி மந்தமாகிவிடும். அப்போது இன்னும் உயர்ந்த ஆற்றல் மட்டங்களிலிருந்து வரும் கோடுகளையும் அளக்க வேண்டும்.

பிசகு வரும் இடம் இன்னொன்று. 100 மீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி இந்த அலையில் 40 வில்விநாடியைத்தான் (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) பிரித்துப் பார்க்கும். 10,000 ஒளியாண்டு தூரத்து மேகத்தில் அது இரண்டு ஒளியாண்டு அகலம். நடுவே 100 கெல்வினைத் தாண்டிய சூடான கரு, அதாவது அடர்ந்த வாயுத்திரள் ஒன்று, ஒளியாண்டில் மூன்றிலொரு பங்கு அளவில் இருந்தால், சூடும் குளிரும் கலந்த ஒற்றை எண்தான் கைக்கு வரும்.

அந்த எண் திணிவையும் கெடுக்கும். மேகத்தின் திணிவைத் தூசியின் 0.85 மில்லிமீற்றர் ஒளிர்விலிருந்து கணிக்கிறோம். உண்மையில் 10 கெல்வின் உள்ள தூசியை 20 என்று எடுத்துக்கொண்டால் திணிவு மூன்றிலொரு பங்காகச் சுருங்கிவிடும். எந்த வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டது என்று சொல்லாத திணிவை நான் ஏற்பதில்லை.

அடுத்தது கோட்டின் அகலம். வாயுவின் அசைவு கோட்டை அகலப்படுத்துவதால் அதை வேகமாகவே சொல்வோம். 15 கெல்வினில் வெப்ப இயக்கத்தால் மட்டும் அமோனியாக் கோடு செக்கனுக்கு 0.2 கிலோமீற்றர் அகலமே இருக்க வேண்டும். இந்த மேகங்களிலோ ஒன்று முதல் மூன்று கிலோமீற்றர்வரை வருகிறது. குளிர்ந்த வாயு உள்ளுக்குள் கொந்தளிக்கிறது. இத்தனை குளிரும் அடர்த்தியும் உள்ள வாயு தன் ஈர்ப்பால் உடையும்போது, வெப்ப அமுக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், துண்டு ஒன்று ஏறத்தாழ ஒரு சூரியத் திணிவுதான் வரும். இருபது சூரியத் திணிவு நட்சத்திரம் எப்படி வந்தது? கொந்தளிப்பும் காந்தப்புலமும் பெரிய கருவை உடையாமல் தாங்கின என்பது ஒரு தரப்பு. சிறு கருக்கள் சுற்றியுள்ள வாயுவைப் போட்டிபோட்டு இழுத்து வளர்ந்தன என்பது மறுதரப்பு. முதல் தரப்பு சரியென்றால், நட்சத்திரம் இன்னும் தோன்றாத, பல பத்துச் சூரியத் திணிவுள்ள குளிர்ந்த கருக்கள் நிறைய இருக்க வேண்டும். சிலியின் அட்டகாமா மேட்டுநிலத்தில், 5,000 மீற்றர் உயரத்தில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை தேடியும், அத்தகையவை அரிதாகவே அகப்பட்டுள்ளன.